குடும்ப வரி: விசுவாசமற்றவனின் ஊர் குறித்துச் சில குறிப்புகள்

கடவுள் இல்லை என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் உங்களை அடிக்க மாட்டார்கள். செத்தால் மணி அடிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். இந்த இரண்டாவது விஷயம் எவ்வளவு பெரியது என்பதை நாத்திகம் பற்றித் தமிழில் எழுதிக் குவித்த எவரும் கணக்கில் எடுத்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்த மணியைப் பற்றியது.

குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்தவன் நான். மாவட்டத்தை மொத்தமாக எடுத்தால் 2011 கணக்கெடுப்புப்படி இந்துக்கள் 48.65 சதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதம். ஆனால் இந்தச் சதவீதத்துக்கு எங்கள் மணலில் பொருள் கிடையாது. கடலோரத்தில் வரிசையாக இருக்கும் முக்குவர் ஊர்களில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய நூற்றுக்கு நூறு கத்தோலிக்கம். 1544இல் சவேரியார் வந்து ஞானஸ்நானம் கொடுத்துப் போனதிலிருந்து இப்படித்தான். இந்தியாவில் கிறிஸ்தவர் சிறுபான்மை என்பது உண்மை. எங்கள் ஊருக்குள் கிறிஸ்தவம் அல்லாத எதுவுமே இல்லை என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் விசுவாசமில்லாத மீனவன்.

கோயில் என்பதை வழிபாட்டு இடம் என்று மட்டும் எடுத்துக்கொள்கிற வெளியூர் நண்பர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் கரையில் கோயில்தான் ஊர். பிடித்து வரும் மீனில் ஒரு பங்கு குத்தகையாகக் கோயிலுக்குப் போனது. பங்கில் உங்கள் குடும்பத்துக்குப் பதிவேடு உண்டு. யார் பிறந்தார், யாருக்குப் புதுநன்மை ஆயிற்று, யார் வரி பாக்கி என்பதெல்லாம் அதில் இருக்கும். கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். வலைத் தகராறு, வாய்த் தகராறு எல்லாம் பங்குச் சாமியார் முன்னால்தான் தீர்ந்தன. கடலில் ஆள் காணாமல் போனால் மணி. கரையில் கலவரம் என்றால் மணி. செத்தால் மணி. ஆணா பெண்ணா என்பதைக்கூட மணியடிக்கும் முறையிலிருந்தே தெரிந்துகொள்ளும் கிழவிகள் இருந்தார்கள்.

மேய்ப்பு அதிகாரம் என்று ஃபூக்கோ ஒரு கருத்தாக்கத்தை முன்வைத்ததை வாசகர்கள் அறிவார்கள். மந்தை மொத்தத்தையும் காப்பது, அதே சமயம் ஒவ்வொரு ஆட்டையும் தனித்தனியாக அறிந்து வைத்திருப்பது. ஐரோப்பிய நவீன அரசு இந்தத் தந்திரத்தைத் திருச்சபையிடமிருந்து கற்றுக்கொண்டது என்பது அவர் வாதம். நகரத்தில் அமர்ந்து இதைப் படிக்கிறவர்களுக்கு அது ஒரு வரலாற்று உருவகம். நான் படித்தபோது எனக்கு எங்கள் கணக்கப்பிள்ளையின் நீளமான நோட்டுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் ஃபூக்கோவைப் படித்துவிட்டு 'ஆகா, கோயில் என்பது அதிகார இயந்திரம்' என்று கண்டுபிடித்து முடித்துக்கொள்வதில் ஒரு சோம்பேறித்தனம் இருக்கிறது. மேய்ப்பன் கணக்கு வைத்திருக்கிறான், சரி. ஆடு ஏன் அந்தக் கணக்கில் இருக்க ஆசைப்படுகிறது?

என் சித்தப்பா 1978இல் பூசைக்குப் போவதை நிறுத்தினார். பெரிய தத்துவ விசாரம் ஒன்றும் கிடையாது. நாகர்கோவிலில் கட்சிக் கூட்டங்களுக்குப் போய்வந்துகொண்டிருந்தவர். 'முட்டு போட்டா மீனு படுமா?' என்று கேட்பார், அவ்வளவுதான் அவருடைய இறையியல். மேலே நான் சொன்ன நோட்டில் தன் பெயருக்கு நேராக யாரும் எதுவும் எழுதக் கூடாது என்றும் சொல்லிவிட்டு வந்தார். ஊர் அவரைத் தள்ளி வைக்கவில்லை. கரையில் சேர்ந்து வலை இழுத்தார், சேர்ந்து குடித்தார், ஏலத்தில் சண்டை போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவர் தனியாள். ஊரே வெள்ளை உடுத்திக்கொண்டு கோயிலுக்குள் இருக்கும்போது வெறுங்கரையில் ஒரு கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்திருப்பார். சின்னப் பையனாக நான் அதைப் பார்த்திருக்கிறேன். பிற்பாடு நானும் நிறுத்தியதற்கு அந்தக் காட்சி ஒரு காரணம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. புத்தகங்கள் அதற்குப் பிறகுதான் வந்தன.

அவர் 2003இல் செத்தார். மணி அடிக்குமா அடிக்காதா என்பதுதான் வீட்டில் பேச்சு. திருச்சபைச் சட்டம் 1184 இதில் தெளிவாக இருக்கிறது: சாவதற்கு முன் மனம் வருந்தியதற்கு அடையாளம் ஏதும் காட்டாத, ஊரறிய விசுவாசத்தைக் கைவிட்டவருக்கு அடக்கச் சடங்கு மறுக்கப்பட வேண்டும். நான் ஒரு சண்டைக்கே தயாராகிவிட்டேன். வாய்க்குள் வசனம் எல்லாம் ரெடி. கடைசியில் மணி அடித்தது. சாமியார் வந்தார், மந்திரித்தார், கல்லறைத் தோட்டத்தில் எங்கள் குடும்பத்துக் குழியிலேயே இறக்கினார்கள். எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு ராத்திரி சித்தி சொன்னாள். இருபத்தைந்து வருடமும் அவள் சித்தப்பா பெயரில் குடும்ப வரி கட்டி வந்திருக்கிறாள். மீன் கூடை சுமந்து விற்ற காசில். அவருக்குத் தெரியாமல்.

'ஒனக்க சித்தப்பனுக்கு கடவுள் இல்லாம இருக்கலாம் மக்கா. எனக்கு ஊரு இல்லாம இருக்க முடியாதே.'

இந்த வாக்கியத்தை நான் இன்னும் முழுசாகச் செரிக்கவில்லை. முக்குவப் பெண்கள் பற்றிக் கல்பனா ராம் 1991இல் வெளியிட்ட நூல், கடன் வாங்குவது, கொடுப்பது, வீட்டின் பணப்புழக்கத்தை ஓட்டுவது எல்லாம் இந்தக் கரையில் பெண்களின் கையில் இருப்பதை விரிவாகக் காட்டுகிறது. ஆண் கடலுக்குப் போகிறான். கரையில் உறவை உண்டாக்கிக் காப்பது பெண். கோயில், அன்பியக் கூட்டம், செபமாலை, மரியாயின் சேனை எல்லாம் அவளுக்குப் பக்தி மட்டும் இல்லை. அவசரத்துக்கு ஐயாயிரம் ரூபாய் கிடைக்கிற இடமும் அதுதான். அந்த வலைப்பின்னலிலிருந்து சித்தப்பா ஒய்யாரமாக வெளியேறினார். வெளியேற முடிந்ததற்குக் காரணம் சித்தி வெளியேறாமல் இருந்தது. அவருடைய நாத்திகத்துக்கு அவளுடைய செபமாலைதான் படியளந்தது. என் பெயரில் என் அம்மாவும் இதையே செய்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. என்னுடைய கலகம் முழுவதும் மாதத் தவணையில் கட்டப்பட்டு வந்திருக்கிறது. ஆண்கள் எழுதிய நாத்திகத் தன்வரலாறுகளைப் படிக்கும்போதெல்லாம், இவருக்கு வரி கட்டியது யார் என்று ஒரு கேள்வி எனக்குள் எழுவதைத் தவிர்க்க முடியவில்லை.

சரி, ஊர்தான் இப்படி. வெளியே தோழர்கள் இருந்தார்களே? இருந்தார்கள். அங்கே எனக்கு நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும்.

தமிழில் கடவுள் மறுப்புக்கு நீண்ட மரபு உண்டு. 1882 முதல் 1888 வரை சென்னையில் வந்த 'தத்துவவிவேசினி' லண்டனில் பிராட்லா நடத்திய இயக்கத்தின் தொடர்பில் பிறந்தது. 'குடி அரசு' இங்கர்சாலை மொழிபெயர்த்துப் போட்டது. ரஸ்ஸல் 1927இல் லண்டன் பாட்டர்சீயில் தான் ஏன் கிறிஸ்தவன் அல்ல என்று பேசிய பேச்சையும் சுயமரியாதைக்காரர்கள் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் மாவட்டத்துப் பூதப்பாண்டிக்காரரான ஜீவா பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையை மொழிபெயர்த்துச் சிறைக்குப் போனார். இதில் ஒரு விநோதம் இருக்கிறது, கவனியுங்கள். இங்கர்சால் சண்டை போட்டது அமெரிக்கப் பாதிரிகளோடு. ரஸ்ஸல் மறுத்தது கிறிஸ்துவை. அந்தப் பிரதிகள் தமிழுக்கு வந்தபோது அவற்றின் குறி புராணத்துக்கும் பார்ப்பனியத்துக்கும் எதிராகத் திருப்பப்பட்டது. அரசியல்ரீதியாக அது சரியான திருப்பம்தான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதனால் ரஸ்ஸலின் நூலை ஞானஸ்நானம் வாங்கிய ஒருவன் தமிழில் படித்தால், பிரதி அவனைப் பற்றிப் பேசுகிறது, இயக்கம் அவனைப் பற்றிப் பேசவில்லை என்கிற நிலை உண்டாகிறது. கோவூரை எடுத்துக்கொள்ளுங்கள். சாமியார்களையும் மந்திரவாதிகளையும் சவாலுக்கு இழுத்தவராக அவரை நமக்குத் தெரியும். அவர் 1898இல் திருவல்லாவில் மார்த்தோமா சபைப் பாதிரியார் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். அந்த வீட்டிலிருந்து எப்படி வெளியே வந்தார், யாரை இழந்தார் என்பதை நம் மேடைகள் கேட்டதில்லை.

இதைவிடத் துல்லியமாக இதைச் சட்டம் சொல்கிறது. என் கல்யாணத்தின்போது திராவிடர் இயக்கத் தோழர்கள், 'கவலையே படாதீங்க தோழர், சுயமரியாதைத் திருமணம் பண்ணிடலாம்' என்றார்கள். மாலை மாற்றினோம், பேசினார்கள், சாப்பிட்டோம். பதிவு செய்யப் போன இடத்தில் அலுவலர் நிதானமாகக் கேட்டார்: 'ரெண்டு பேரும் இந்துவா?' அண்ணா ஆட்சியில் 1967ஆம் ஆண்டுத் திருத்தமாக வந்து சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கிய 7அ பிரிவு, இந்து திருமணச் சட்டத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு இந்துக்களுக்கு இடையிலான திருமணம் என்றே அதன் வாசகம். அதாவது பெரியாரின் மிகப் பெரிய சட்ட வெற்றி, பூசாரியையும் தீயையும் வெளியே அனுப்பியது. இந்து என்கிற பெயரை வாசலிலேயே நிறுத்தி வைத்தது. அன்றைக்கு இருந்த சட்ட வரம்புக்குள் வேறு வழி இருந்திருக்காது என்று வாதிடலாம். ஆனால் அதன் விளைவு, கடவுள் மறுப்புக்குக்கூட இந்துவாக இருக்க வேண்டியிருக்கிறது. நான் கிறிஸ்தவன் இல்லை என்று சொன்னேன். 'சர்ட்டிபிகேட் இருக்கா?' என்றார். ஞானஸ்நானத்துக்குச் சான்றிதழ் உண்டு. விசுவாசம் போனதற்கு எந்தத் தாளைக் காட்டுவது?

பிறகு 1954ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்து, முப்பது நாள் எங்கள் பெயர்களைப் பலகையில் ஒட்டி வைத்தார்கள். மூன்று ஞாயிறு ஓலையிலிருந்து தப்பித்து வந்தவனுக்கு அரசு நான்கு ஞாயிறுக்கும் மேல் ஓலை வாசித்தது. அந்த அறிவிப்பை யாரோ பார்த்து ஊரில் சொல்ல, அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை.

இங்கே ஒரு மாற்றுக் குரலையும் கேட்க வேண்டும். விடுதலை இறையியல் படித்த ஒரு சாமியார் நண்பர் எனக்கு உண்டு. நல்ல மனுஷன், போராட்டங்களில் முன்னால் நிற்பவர். என் கதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். 'நீங்க ஒரு அநாமதேயக் கிறிஸ்தவன்' என்றார். ஜெர்மானிய இறையியலாளர் கார்ல் ரானரின் கருத்தாக்கம் அது: கிறிஸ்துவை அறியாமலே, ஏற்காமலே நேர்மையாக வாழ்கிறவனும் அருளுக்குள்தான் இருக்கிறான். அன்போடு சொன்னதுதான். ஆனால் வெளியே போடா என்கிற பழைய சாமியாரைவிட இந்த அணைப்பு எனக்கு அதிகம் மூச்சு முட்டியது. விலக்கி வைக்கும் அதிகாரத்தோடு மோதலாம். உன் மறுப்பையும் என் விசுவாசத்தின் ஒரு வகையாகவே எழுதிக்கொள்கிறேன் என்கிற அதிகாரத்தோடு எப்படி மோதுவது? முறைப்படி விலகுதல் என்ற ஒரு சிறு வழி திருமணம் சார்ந்த திருச்சபைச் சட்டங்களில் இருந்தது. 2009இல் அந்தச் சொற்களையும் எடுத்துவிட்டார்கள். ஞானஸ்நானம் அழியாத முத்திரை. உள்ளே வர ஒரு நாள் போதும். வெளியேறியதைப் பதிய ஒரு வரி கிடையாது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதை மறைத்தால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய கலவரமும் துப்பாக்கிச் சூடும் எங்கள் கரையை இன்றுவரை விடாத நினைவு. அந்த நாட்களில் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தவர்களில், நான்கு வருடமாகக் கோயில் படியேறாத என் சித்தப்பாவும் ஒருவர். ராத்திரி முழுக்கக் கோயில் முற்றத்தில் காவல் கிடந்தார். கல்லெறிகிறவன், தீ வைக்கிறவன் உங்கள் விசுவாச அறிக்கையைக் கேட்டுவிட்டு அடிப்பதில்லை. பெயரைக் கேட்கிறான், ஊரைக் கேட்கிறான். சூசையும் அந்தோணியும் மார்க்ஸைப் படித்திருந்தாலும் சூசையும் அந்தோணியும்தான். இந்துத்துவத்துக்கு எங்களைப் போன்றவர்கள் மேல் ஒரு தனிப் பிரியம் வேறு. குத்தகை பற்றி, சாமியார்களின் ஆதிக்கம் பற்றி நான் எழுதிய ஒரு சிறு கட்டுரையை அவர்களில் ஒரு பேச்சாளர் மேடையில் எடுத்துப் படித்தார் என்று கேள்விப்பட்டபோது உடம்பெல்லாம் கூசியது. 'தாய்மதம் திரும்புங்கள்' என்று அழைப்பு வேறு. எந்தத் தாய்? அதற்குப் பிறகு ரொம்ப நாள் நான் எதுவும் எழுதவில்லை. ஒடுக்கப்பட்ட சமூகத்துக்குள் இருந்து விமர்சிக்கிறவன் எப்போதும் இரண்டு பக்கமும் காது கேட்கும் அறையில்தான் பேச வேண்டியிருக்கிறது. எங்கள் முன்னோர் இதை எங்களைவிட நன்றாகக் கையாண்டார்கள் போலிருக்கிறது. இந்தக் கரை மீனவர் பற்றி அஜந்தா சுப்ரமணியன் 2009இல் எழுதிய நூலில், கோயிலுக்கு எதிராக அரசிடமும் அரசுக்கு எதிராகக் கோயிலிடமும் மாறி மாறி முறையிட்டுத் தங்கள் உரிமையை நிறுவிக்கொண்ட மக்களைப் பார்க்க முடிகிறது. மந்தை என்கிற உருவகம் அங்கேயே உடைந்துவிடுகிறது.

நான் தேடிய கூட்டம் எனக்கு முதன்முதலாகக் கிடைத்தது இடிந்தகரையில், அதுவும் லூர்து மாதா கோயில் முற்றத்துப் பந்தலில். 2011இல் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக அங்கே உட்கார்ந்தவர்களோடு நானும் மாதக்கணக்கில் உட்கார்ந்தேன். பெரியாரிஸ்டுகள், மார்க்சியர்கள், தமிழ்த் தேசியர்கள், எதிலும் சேராதவர்கள் எல்லோரும் வந்தார்கள். பீடி சுற்றிக்கொண்டே பெண்கள் கோஷம் போட்டார்கள். நடுவில் செபமாலை நடக்கும். எங்களைப் போன்றவர்கள் எழுந்து போகவும் இல்லை, முழங்காலிடவும் இல்லை, சும்மா இருந்தோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. 2012 செப்டம்பர் 10ஆம் தேதி கடற்கரையில் போலீஸ் அடித்து விரட்டியபோது மணி அடித்துக்கொண்டிருந்தவர்களும் நாங்களும் ஒரே மணலில்தான் ஓடினோம். ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்கு. அதில் விசுவாசி, அவிசுவாசி என்று தனி நிரல் கிடையாது.

இதை நான் ரொமாண்டிக் ஆக்க விரும்பவில்லை. பந்தலுக்கு நிழல் கொடுத்தது கோயில், மைக் கோயிலுடையது, யார் சாப்பாடு போடுவது என்கிற முறையைப் போட்டது அன்பியம். 2017இல் ஒக்கிப் புயலுக்குப் பிறகு குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்தபோதும் ஆள்களைக் கூட்டியது பங்குகள்தான். இதில் எங்களுடைய பங்களிப்பு என்ன? கருத்து. கருத்துக்கு நாங்கள் பஞ்சம் வைத்ததே இல்லை. நானூறு பேருக்குக் கஞ்சி காய்ச்சுகிற ஓர் அமைப்பு எங்களிடம் இல்லை. பகுத்தறிவாளனுக்குக் கூட்டம் எதற்கு, அறிவு போதாதா என்று கேட்கும் தோழர்களிடம் நான் அந்தக் கஞ்சிப் பானையைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

மறுபடியும் சாவுக்கு வருகிறேன். சமூகம் என்பது பிறருடைய சாவின் முன்னால்தான் வெளிப்படுகிறது என்று ழான்-லுக் நான்சி 80களில் எழுதினார். கனமான பிரெஞ்சு வாக்கியங்கள். எங்கள் ஊர்க் கிழவியிடம் கேட்டால் இதைத்தான் சொல்வாள். பஷீரின் 'பால்யகால சகி'க்கு முன்னுரை எழுதிய மலையாள விமர்சகர் எம்.பி. பால் 1952இல் செத்தபோது, திருச்சபையோடு இருந்த பகையினால் அவரைத் திருவனந்தபுரத்தில் தெம்மாடிக்குழியில் புதைத்தார்கள். தெம்மாடி என்றால் போக்கிரி. சுடுகாட்டுக்கும் ஒரு சேரி. சாகித்திய பிரவர்த்தக சங்கத்தை நிறுவி எழுத்தாளர்களுக்கென்றே ஒரு கூட்டத்தை உண்டாக்கிய மனிதருக்குக் குழி கொடுக்க அந்தக் கூட்டத்திடம் இடமில்லை. எழுபது வருடம் கழித்து, 2024இல் கேரளத்து மார்க்சிஸ்ட் தலைவர் எம்.எம். லாரன்ஸ் இறந்தபோது உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பதா, கல்லறைக்குக் கொண்டுபோவதா என்று குடும்பத்துக்குள்ளேயே வழக்கு மூண்டு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. உடல் தானம் நம் ஆட்கள் கண்ட ஒரே விடை. மரியாதைக்குரிய விடைதான். ஆனால் வண்டி வந்து எடுத்துக்கொண்டு போன பிறகு வீட்டில் மிஞ்சுகிறவர்கள் என்ன செய்வது? மூன்றாம் நாள் யார் சோறு கொண்டுவருவது? சுனாமிக்குப் பிறகு குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் பெருங்குழி வெட்டி அடுக்கடுக்காக இறக்கியபோது யாரும் யாருடைய வரி பாக்கியையும் பார்க்கவில்லை. அந்த அளவு சாவு வந்தால்தான் நோட்டு மூடப்படுகிறது.

இப்போது நாங்கள் ஒன்பது பேர் இருக்கிறோம். வெவ்வேறு கரை ஊர்கள், இரண்டு பேர் உள்நாட்டு சி.எஸ்.ஐ. குடும்பங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் ஒருவர் வீட்டில் கூடுகிறோம். பெயர் கிடையாது, பெயர் வைப்பது பற்றி மூன்று மணி நேரம் சண்டை போட்டுக் கைவிட்டோம். ஆண்கள் ஆறு, பெண்கள் மூன்று. முதல் வருடம் புத்தகம் படித்து விவாதித்தோம். அந்த மூவரில் ஒருத்தி, 'படிச்சது போதும், யாராவது செத்தா யாரு என்ன செய்யணும்னு எழுதுங்க' என்றாள். எழுதினோம். நாகர்கோவில் தகன மேடைக்கு யார் பேசுவது, வண்டி யார், வீட்டுக்கு மூன்று நாள் சாப்பாடு யார் முறை. மாதம் இருநூறு ரூபாய் ஆளுக்கு. போன மாதம் அந்தப் பணத்துக்கு நோட்டுப் போட வேண்டி வந்தது. நீளமான நோட்டுதான், கடையில் அதுதான் கிடைத்தது. பாக்கி வைத்திருப்பவர்கள் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் குறி போட்டது நான்.

அம்மா என் பெயரில் கோயிலுக்கு இன்னும் வரி கட்டுகிறாள். நிறுத்தச் சொல்லி இரண்டு முறை வாயெடுத்திருக்கிறேன்.